குழியில் இறங்காத புடவை

எனக்கு மேலதிகாரி கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, கட்டடப் பொறியாளர் என்று பலகை மாட்டிய நாளிலிருந்து, எத்தனை மணிக்கு வரணும், என்ன உடுத்தணும் என்று என்னிடம் சொல்ல ஆளில்லை. ஆனாலும் உடுத்துகிற விஷயத்தில் என்னைப்போல் தன்னைத்தானே பாடாய்ப் படுத்திக்கொண்டவள் இந்த மாவட்டத்தில் இன்னொருத்தி இருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. தொழில் தொடங்கிய புதிதில் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டு வேலை பேசப் போனேன். சுடிதார், கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. வேறொரு சைட்டிலிருந்து நேராகப் போனதால் துப்பட்டாவெல்லாம் சிமெண்ட் தூசி. வீட்டுக்காரர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்ஜினியர் சார் பின்னாடி வராராம்மா?” என்றார். நான்தான் இன்ஜினியர் என்றேன். “அப்படியா” என்றவர், அதற்கப்புறம் தன் மச்சானைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். அந்த வேலை எனக்கு வரவில்லை.

எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடும். பிறவிக் குணம். அடுத்த வாரமே நாலு காட்டன் புடவை வாங்கினேன். வடித்த கஞ்சியில் முக்கி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு நிற்க ஆரம்பித்தது. தோளில் பின், கையில் பெரிய டயல் வாட்ச், ரெண்டு அங்குல ஹீல்ஸ். அதே நான், அதே படிப்பு. ஆனால் புடவையோடு போன முதல் வீட்டிலேயே “மேடம் ஒக்காருங்க” என்று ஃபேனைப் போட்டார்கள். அதிலிருந்து வாடிக்கையாளரைப் பார்க்கப் புடவை, சைட்டில் இறங்கச் சுடிதார் என்று வைத்துக்கொண்டேன். சுடிதாரும் ஷூவும் ஒரு பையில் எப்போதும் கார் டிக்கியில் கிடக்கும். காலையில் நான் புடவையோடு அறையை விட்டு வெளியே வந்தால் என் கணவர், “கலெக்டரம்மா எங்க கெளம்பிட்டாங்க?” என்பார். சிரிப்பேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சிதம்பரத்து நர்ஸ் என்னிடம் வந்ததும் அந்தப் புடவையால்தான். அவரை நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். கணவர் குவைத்தில் எலக்ட்ரீஷியன், வீட்டில் பத்து வயதுப் பெண் ஒன்று. அண்ணாமலை நகரைத் தாண்டி, வயல்களை மனையாகப் பிரித்த இடத்தில் ரெண்டரை சென்ட் வாங்கியிருந்தார். “எங்க சொந்தத்துல யாரும் காங்கிரீட் வூடு கட்டுனதில்ல மேடம். நான்தான் மொதல்ல” என்றார். அதைச் சொன்னபோது முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முன்னால் இன்னொரு இன்ஜினியரை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். “அவுரு ரப்பர் செருப்போட வந்தாரு மேடம். பேன்ட்ட முட்டி வரைக்கும் மடிச்சி வுட்டுகிட்டு, கையெல்லாம் சுண்ணாம்பு. கொத்தனார்னே நெனச்சிட்டேன். உங்களப் பாத்ததும்தான் ஒரு நம்பிக்கை வந்துச்சு.”

அந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் அவரை மாதிரி கைசுத்தமான வேலைக்காரர் குறைவு. ‘அவரும் நல்ல இன்ஜினியர்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, வரைபடத்தை விரித்தேன்.

அஸ்திவாரக் குழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழி தோண்டி முடித்து, கம்பி வைத்துக் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு குழியிலும் நானே இறங்குவேன். குதிகாலால் ஓங்கி மிதிப்பேன். அப்புறம் கடப்பாரையை இடுப்பு உயரத்திலிருந்து கையை விடாமல் இறக்குவேன். நாலு விரல் ஆழத்துக்குள் நின்றால் மண் கெட்டி. அதற்கு மேல் போனால் இன்னும் தோண்டு. மண் பரிசோதனைக் காகிதம் இருக்கட்டும், பத்தடிக்கு ஒரு குணம் காட்டும் மண்ணில் இந்தக் கடப்பாரைதான் எனக்குக் காவல். மேஸ்திரிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. ஒன்பது குழி என்றால் ஒன்பதிலும் இறங்கி ஏறுவேன்.

சிஸ்டர் வீட்டுக்குக் காங்கிரீட் போடும் நாள் வந்தது. அதே நாள் பதினோரு மணிக்கு, குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்காரர்கள் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய கிடங்கு ஒன்று கட்ட வேண்டுமாம். எனக்குக் கம்பெனி வேலை அதுவரை வாய்த்ததில்லை. முந்தின நாளே கத்தரிப்பூ நிறத்தில் புதுக் காட்டன் புடவை ஒன்றைக் கஞ்சி போட்டு வைத்தேன். காலை எட்டரைக்குச் சிதம்பரம், பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சிப்காட். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சைட்டில் போய் டிக்கியைத் திறந்தால் சுடிதார்ப் பை இல்லை. துவைக்க எடுத்துப் போனதைத் திரும்ப வைக்க மறந்திருக்கிறேன்.

இரவு ஒரு மழை பெய்து விட்டிருந்தது. குழிகளில் சேறு. கிழக்கு மூலைக் குழியில் முழங்கால் வரை தண்ணீர். மிக்சர் மெஷின் வந்து நிற்கிறது, ஆட்கள் வந்துவிட்டார்கள். மேஸ்திரி கடப்பாரையோடு தயாராக நின்றார். “எறங்குறீங்களா மேடம்?” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சேற்றைப் பார்த்தேன், பிறகு என் புடவையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. “வேணாம் மேடம். அழகான பொடவை, பாழாயிடும். அதான் மேஸ்திரி இருக்காரே” என்றார். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். “நீங்களே குத்திக் காட்டுங்க மேஸ்திரி” என்றேன். எட்டுக் குழியில் இறங்கிக் குத்தினார், நாலு விரலுக்குள் நின்றது. மூலைக் குழியில் ஒரு சித்தாள் பெண் மண் அள்ளும் பாண்டுச் சட்டியில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அடியில் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மேஸ்திரி கரையிலிருந்தே எட்டிப் பார்த்து, “இதுவும் அப்படித்தான் மேடம் இருக்குது. ஒண்ணும் ஆவாது” என்றார்.

மணி ஒன்பதே முக்கால். “சரி, தண்ணிய எறச்சிட்டுப் போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அந்தச் சித்தாளும் புடவைதான் கட்டியிருந்தாள். மேலே ஒரு ஆம்பிளைச் சட்டை, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய பழைய நைலக்ஸ் புடவை. புடவை கட்டினால் இறங்க முடியாது என்று எவளாவது சொன்னால் அவள் சிரித்திருப்பாள். அந்த ரப்பர் செருப்பு இன்ஜினியராக இருந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்நேரம் உள்ளே நின்றிருப்பார்.

சிப்காட் கம்பெனி கேட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். செக்யூரிட்டி என் காலைப் பார்த்துவிட்டு, “ஹீல்ஸோட உள்ள வுட மாட்டோம் மேடம், சேஃப்டி ரூல்” என்றார். கேட்டுக்கு வெளியே இருந்த சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் வந்தார். நீல நிற வேலை உடுப்பு, ஹெல்மெட், எண்ணெய்க் கறை. என் புடவையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கால் மணி நேரம் பேசினார், போனில் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. அதோடு சரி.

சிஸ்டர் வீடு எழும்பியது. நல்ல வீடு, நானே சொல்லக் கூடாது. கிழக்கு மூலையில் பெண்ணுக்கு ஒரு தனி அறை, ஜன்னல் வழியாக வயல் தெரியும். குடிபோன அன்று அவர் அந்தச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு அந்த மூலைக் குழி ஞாபகம் வந்தது. ஒண்ணும் ஆவாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரெண்டாவது மழைக்காலம் முடிந்ததும் போன் வந்தது. “பாப்பா ரூம்ல லேசா விரிசல் மாதிரி தெரியுது மேடம். நேரம் இருந்தா ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?”

பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்று யோசித்தேன். விரிசலைப் பார்க்கப் போகிறவளுக்கு எதற்குப் புடவை? சைட் வேலைதானே அது, சுடிதாரில்தானே போகணும்? தெரிந்தேதான் இருப்பதிலேயே விறைப்பான சாம்பல் நிறப் புடவையை எடுத்தேன். கேள்வி வந்தால் புடவை பதில் சொல்லிக்கொள்ளும் என்று மனசு கணக்குப் போட்டது. என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

நான் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் டூட்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளை யூனிஃபார்ம் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் ஏறியிருந்தது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. மொத்தம் ஐந்து. “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குறிச்சி வெக்கிறேன் மேடம். டெம்பரேச்சர் சார்ட் போட்டுப் பழக்கம்” என்று சிரித்தார்.

சாய்வான விரிசல் என்றால் அஸ்திவாரம் இறங்குகிறது. முதல் வருஷப் பாடம் இது. வாரா வாரம் வளர்கிறது என்பதற்கு அந்த அம்மா சாட்சியும் எழுதி வைத்திருக்கிறார். நான் விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பெரிய டயல் வாட்ச் பளபளக்கக் கையைக் கட்டிக்கொண்டேன்.

“பூச்சு விரிசல்தான் சிஸ்டர். புது வீட்டுல சகஜம். வெயில் வந்ததும் ஆளை அனுப்பி அடைச்சிக் கொடுத்துடுறேன்.”

“அப்பாடா” என்றார். “நீங்க சொன்னா சரி மேடம். எங்கண்ணன்தான் சும்மா பயங்காட்டிகிட்டு இருந்துச்சு.”

“பூச்சு வேலை முடியிற வரைக்கும் பாப்பாவ ஹால்ல படுக்க வையுங்க. தூசி ஜாஸ்தியா இருக்கும்” என்றேன். அந்த அளவுக்காவது மனசாட்சி இருக்கிறதே என்று அப்போது எனக்கு ஒரு சமாதானம். பொய்யை எவ்வளவு பொறுப்பாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

டீ கொண்டு வந்தார். டம்ளரை நீட்டும்போது துண்டு நழுவியது. யூனிஃபார்மின் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மஞ்சளாக ஒரு பெரிய கறை. அவர் அவசரமாகத் துண்டை இழுத்து மூடினார். “மன்னிச்சிக்குங்க மேடம். வார்டுல ஒருத்தரு என் மேல வாந்தி எடுத்துட்டாரு. தாங்கிப் புடிக்கலன்னா கீழ வுழுந்திருப்பாரு. மாத்திட்டு வரலாம்னா நீங்க வந்து காத்திருப்பீங்களேன்னு அப்படியே ஓடியாந்துட்டேன். நீங்க இவ்ளோ நீட்டா வந்திருக்கீங்க, நான் இப்படி நிக்கிறேன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை, ஆனால் குடித்தேன். பரவாயில்லை சிஸ்டர் என்றுகூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு போனது. இன்னொரு கோடு போட்டிருப்பார். இன்னொரு ஞாயிறும் போனது. கணவர், “என்ன, கலெக்டரம்மா ரெண்டு வாரமா லீவா?” என்று கேட்டார். அவரிடம் எரிந்து விழுந்தேன். மூன்றாவது ஞாயிறு நானே போன் செய்து கேட்டேன். “மேல ரெண்டு கோடு ஏறியிருக்குது மேடம்” என்றார் சாதாரணமாக. “பாப்பா அவ ரூம்லதான் படுப்பேன்னு அடம். எப்ப மேடம் ஆள் வருவாங்க?”

மறுநாள் விடிந்ததும் பழைய சுடிதாரும் ஷூவும் மாட்டிக்கொண்டு, அதே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். சிஸ்டருக்கு அன்று ஓய்வு நாள். கதவைத் திறந்தவர் என்னை ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் பார்த்தார். “மூலையில கொஞ்சம் தோண்டிப் பாக்கணும் சிஸ்டர்” என்றேன்.

சுவருக்கு வெளிப்பக்கம் மேஸ்திரி தோண்டினார். அஸ்திவார மட்டம் வந்ததும் நான் இறங்கினேன். குதிகாலால் மிதித்தபோதே தெரிந்துவிட்டது. கடப்பாரையை இறக்கினேன். நாலு விரலாவது ஒன்றாவது, முழங்கை நீளத்துக்கு உள்ளே போனது. இழுத்தபோது கறுப்பாக, மக்கிய வைக்கோலோடு மண் வந்தது. வயலாக இருந்த காலத்தில் அங்கே எருக்குழி இருந்திருக்கிறது. மனை போட்டவர்கள் அப்படியே மூடிவிட்டிருக்கிறார்கள். அன்று ஒரே ஒரு தடவை இறங்கியிருந்தால், ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

குழிக்குள் நின்றபடியே சொன்னேன். மேலே ஏறினால் சொல்ல மாட்டேனோ என்று பயமாக இருந்தது. “சிஸ்டர், இது பூச்சு விரிசல் இல்ல. இந்த மூலை கீழ எறங்குது. அன்னிக்கு நான் இந்தக் குழியில எறங்கிப் பாக்கல. போன தடவ வந்தப்பவே எனக்கு இது தெரியும். தெரிஞ்சிதான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அவர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான்தானே மேடம் சொன்னேன்” என்றார். “பொடவை பாழாயிடும், எறங்க வேணாம்னு நான்தானே சொன்னேன். என் வாயாலதான் ஆச்சு.”

அந்த நொடியை எழுதக் கை கூசுகிறது. ‘இல்லை’ என்று உடனே சொல்லவில்லை நான். ஆமாம், நீங்களும்தானே சொன்னீர்கள் என்று உள்ளே ஒரு குரல் நிம்மதியாக எழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். மேஸ்திரி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வாய் வந்தது.

“நீங்க சொல்லலன்னாலும் நான் எறங்கியிருக்க மாட்டேன் சிஸ்டர்.”

சிஸ்டர் எழுந்து உள்ளே போனார். பெண்ணின் படுக்கையைச் சுருட்டி ஹாலுக்கு இழுத்து வரும் சத்தம் கேட்டது.

செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். மேல் பீமுக்கு முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாகத் தோண்டி, கெட்டி மண் வரும்வரை எடுத்துக் காங்கிரீட் நிரப்பினோம். ஐந்து வாரம் ஆனது. தினம் போனேன், தினம் இறங்கினேன். சிஸ்டர் டீ கொடுப்பார், வேலையைப் பற்றிக் கேட்பார், அதற்கு மேல் பேச மாட்டார். விரிசல் அதற்கப்புறம் வளரவில்லை. கடைசிப் பென்சில் கோட்டின்மேல் ரெண்டு மாதம் கண் வைத்திருந்துவிட்டுத்தான் சுவரைப் பூசினோம்.

பெயிண்ட் அடித்து முடிந்ததும் வீட்டில் ஒரு ஜெபம் வைத்தார். போனில் கூப்பிட்டவர் கடைசியாக ஒன்று சொன்னார். “பொடவை கட்டிகிட்டு வாங்க மேடம். காங்கிரீட் போட்ட அன்னிக்குக் கட்டியிருந்தீங்களே, கத்தரிப்பூ கலரு, அது. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. எங்க இன்ஜினியர்னு காட்டணும்.”

அந்தப் புடவையைப் பீரோவின் அடியில் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். எடுத்தேன். கஞ்சி போட மனசு வரவில்லை, வெறுமனே இஸ்திரி மட்டும் போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் என்னை அறிமுகப்படுத்தினார். விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய அண்ணனைத் தவிர யாருக்கும் அது தெரியாது என்று புரிந்தது. அண்ணனிடமும் பூச்சு விரிசல் என்றுதான் சிஸ்டர் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்ஜினியர்னு சொல்லவே வேணாம், பாத்தாலே தெரியுதே” என்றார். “மேடம், எனக்கும் புவனகிரி பக்கம் ஒரு மனை இருக்குது. நீங்களே கட்டிக் குடுத்துடுங்க. உங்களப் பாத்ததுமே ஒரு நம்பிக்கை வருது.”

சிஸ்டர் அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“மேடத்தையே கூப்புடுண்ணா. ஆனா காங்கிரீட் போடுற அன்னிக்கு நீ பக்கத்துலயே நில்லு. மேடம் ஒவ்வொரு குழியிலயும் எறங்கிப் பாப்பாங்க. எந்தப் பொடவை கட்டியிருந்தாலும் எறங்கிப் பாப்பாங்க.”

அண்ணன் சிரித்தார், அதை ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. “எறங்குவேன்” என்றேன். சிஸ்டர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.